சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து: ஆங்கிலத்தில் ஓடுவது தமிழில் ஏன் இடறுகிறது?

கொழும்பு புறக்கோட்டையின் பிரதான வீதியிலோ வெள்ளவத்தையில் காலி வீதியிலோ தொங்கும் மலிவு விற்பனைப் பதாகைகளில் ஒரே செய்தி மூன்று மொழிகளில் மூன்று வரிகளாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆங்கில வரி பெரும்பாலும் தடித்தும் வலப்பக்கம் சாய்ந்தும் முனைகளில் எந்த அலங்காரமும் இல்லாமலும் இருக்கும். தூரத்தில் வரும் பஸ்ஸிலிருந்தே அதை வாசித்துவிடலாம். தமிழ் வரியும் அதே அளவு சாய்ந்திருக்கும். ஆனால் சுழிகள் அடைபட்டு, புள்ளிகள் இடம் மாறி, எழுத்துகள் காற்றில் தள்ளப்பட்டவை போலத் தெரியும். தமிழ் எழுத்து இத்தகைய புதுப்பாணி வடிவங்களுக்கு ஒத்துவராது என்று சிலர் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். வடிவமைத்தவரின் கவனக்குறைவே காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு விளக்கமும் போதாதவை. ஆங்கில வரியில் இருப்பது ஒருவர் உட்கார்ந்து வரைந்த சாய்வு. தமிழ் வரியில் இருப்பது கணினி ஒரு நொடியில் கணக்குப் போட்டு வளைத்த சாய்வு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

நான்கு சொற்கள்

அச்சுத் தொழிலில் 'போல்ட் இட்டாலிக் சான்ஸ் செரிஃப் டிஸ்ப்ளே' என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் எழுத்துருவுக்குள் நான்கு தனித்தனிக் கருத்துகள் இருக்கின்றன. அவை வெவ்வேறு காலங்களில் பிறந்தவை.

1. செரிஃப் என்பது ஆங்கிலத்துக்குப் பயன்படும் இலத்தீன் எழுத்துகளின் கோடு முடியும் இடத்தில் வரும் சிறு குறுக்குக் கோடு. அது இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். இவ்வகையில் முதலாவதாக அறியப்படும் அச்செழுத்தை லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816இல் தம் மாதிரி ஏட்டில் வெளியிட்டார். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. இன்று கைபேசித் திரை முழுவதையும் ஆளும் இந்த வடிவம் அன்று ஒரு சிறு வரியாக மட்டுமே அறிமுகமானது.

2. போல்ட் என்பது எடை, அதாவது எழுத்தின் கோடு எவ்வளவு தடிப்பு என்பது. கணினி எழுத்துருக்களில் எடை வழக்கமாக 100 முதல் 900 வரையான எண்களால் குறிக்கப்படும். 400 சாதாரணம், 700 தடிப்பு, 900 மிகத் தடிப்பு. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் சுவரொட்டிகள் பெருகியபோதுதான் மிகத் தடித்த அச்செழுத்துகள் பெருகின. அதற்கு முந்தைய புத்தகங்களுக்கு அத்தகைய உரத்த குரல் தேவைப்படவில்லை.

3. இட்டாலிக் என்பது சாய்வு. வெனிஸ் நகரில் அல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் 1501இல் வெர்ஜிலின் கவிதைகள் முழுப் புத்தகமாக வெளிவந்தன. வலியுறுத்தல் அன்று அதன் வேலையாக இருக்கவில்லை. அக்கால அறிஞர்களின் விரைவுக் கையெழுத்தைப் பின்பற்றிய அந்த எழுத்து, கைக்கடக்கமான புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தாங்கி நின்றது. நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக நின்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டும் பணி பிற்பாடு வந்து சேர்ந்தது.

4. டிஸ்ப்ளே என்பது பெரிதாக, சில சொற்களுக்கு மட்டும் பயன்படுத்த வரையப்பட்ட எழுத்து. புத்தகப் பத்திக்கான எழுத்தில் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். பலகைக்கான எழுத்தை நெருக்கிக் கோத்தால்தான் சொல் ஒரே கட்டியாகக் கண்ணில் விழும்.

சாய்வு என்ற மூன்றாவது கருத்துக்குள் மேலும் ஒரு பிரிவு உண்டு. உண்மையான இட்டாலிக்கில் எழுத்தின் உருவமே மாறும். 1928இல் வெளிவந்த கில் சான்ஸ் எழுத்துருவின் சாய்வு வடிவத்தில் ஆங்கில முதல் எழுத்தின் சிற்றுரு (a) இரண்டு அடுக்கிலிருந்து ஒற்றை அடுக்காகிக் கையெழுத்தின் சாயலைப் பெறுகிறது. ஒப்லிக் என்ற வகையில் உருவம் மாறாது. நிமிர்ந்த எழுத்தே சாய்க்கப்பட்டிருக்கும். 1957இல் பிறந்த ஹெல்வெடிக்காவின் சாய்வு இத்தகையது. அதன் கோணம் 12 பாகை. தடித்த சான்ஸ் செரிஃப் குடும்பங்கள் பலவற்றிலும் நாம் காண்பது இந்த இரண்டாவது வகையே.

இந்த எழுத்தின் குணம்

ஓடுகிறவர் உடலை முன்னே சாய்க்கிறார். இலத்தீன் எழுத்து இடமிருந்து வலமாக வாசிக்கப்படுவதால், வலப்பக்கச் சாய்வு வாசிப்பின் திசையிலேயே முன்னே போவது போன்ற உணர்வைத் தருகிறது. தடிப்பு அதற்குப் பாரத்தைச் சேர்க்கிறது. மெல்லிய சாய்வெழுத்து காதோடு பேசுவது போலிருக்கும். அதையே தடிப்பாக்கினால் சந்தியில் நின்று கூவுவது போலாகிவிடும். முனை அலங்காரம் இல்லாததால் அந்தக் கூவலில் இழுவையும் இல்லை.

இதனால்தான் விரைவையும் துணிவையும் விற்க விரும்புவோர் இதைத் தேடிப் போகிறார்கள். கூரியர் வண்டியின் மஞ்சள் நிறத்தின் மீது சிவப்பில் வரும் டிஎச்எல் சின்னமும், கடைக் கதவுகளில் ஒட்டியிருக்கும் விசா அட்டையின் சின்னமும் இந்த இனத்தவை. பவுல் ரென்னர் வரைந்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சுராவின் தடித்த சாய்வு வடிவத்தை அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் சிவப்புப் பட்டைகளின் மேல் வெள்ளையாக வைத்து, விளம்பரத்தின் குரலிலேயே விளம்பர உலகைக் கேள்வி கேட்டார். சுப்ரீம் என்ற உடை நிறுவனத்தின் சின்னமும் அதே ஃபியூச்சுராவின் தடித்த சாய்வில்தான் இருக்கிறது. எதிர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரே எழுத்து பயன்பட்டிருப்பதிலிருந்து ஒன்று தெரிகிறது: இந்த எழுத்து கருத்தை முடிவு செய்வதில்லை, குரலின் உயரத்தை மட்டுமே முடிவு செய்கிறது.

இந்தக் குரலுக்கு விலை உண்டு. எடை கூடும்போது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் குறைகிறது; சாயும்போது அந்த வெற்றிடம் ஒடுங்குகிறது. மூன்று நான்கு சொற்களைத் தாண்டினால் கண் களைத்துவிடும். ஆகவே விளம்பரத் தலைப்பு, விளையாட்டுச் சீருடை, வாகனப் பக்கவாட்டு, பொதியுறை ஆகியவற்றுக்கு இது சரி; மருந்துக் குறிப்புக்கும் வீதிப் பெயருக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் தவறு. பிரித்தானிய வீதிப் பலகைகளுக்காக ஜொக் கினியரும் மார்கரெட் கல்வேர்ட்டும் உருவாக்கிய எழுத்துரு சான்ஸ் செரிஃப்தான், ஆனால் அது நிமிர்ந்தே நிற்கிறது. ஆபத்தைச் சொல்லும் இடத்தில் விரைவுத் தோற்றத்துக்கு வேலையில்லை.

கணினி சாய்க்கும்போது நடப்பது

சாய்வெழுத்து வடிவம் இல்லாத ஓர் எழுத்துருவைத் தெரிவு செய்து, மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பல மென்பொருள்கள் தாமாகவே ஒரு போலிச் சாய்வை உருவாக்கும். எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிக்கோட்டை அசையாமல் வைத்து, மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கம் நகர்த்துவதே அதன் முறை. புத்தக அடுக்கின் அடிப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மேற்பகுதியைத் தள்ளுவதைப் போன்றது இது. 12 பாகைச் சாய்வில் நகர்வின் அளவு உயரத்தில் ஏறக்குறைய 21 வீதம். இணையப் பக்கங்களின் வடிவை விவரிக்கும் சீஎஸ்எஸ் மொழியில் ஒப்லிக் சாய்வின் இயல்பான கோணம் 14 பாகை. அதில் நகர்வு உயரத்தின் கால் பங்கு.

நேர்கோடுகளுக்கு இதனால் பெரிய தீங்கு இல்லை. வளைவுகளுக்குத்தான் தீங்கு. சீரான தடிப்புள்ள ஒரு வட்டத்தை இப்படித் தள்ளினால், மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடித்து, மற்ற இரு மூலைகளும் மெலிந்துவிடும். தேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் சாய்வு வடிவம் செய்யும்போது இந்த வளைவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். ஒப்லிக் என்ற பெயரில் வரும் நல்ல எழுத்துருக்களுக்குப் பின்னாலும் அந்த உழைப்பு இருக்கிறது. வட்டமான எழுத்துகள் சில மட்டுமே உள்ள இலத்தீனில் திருத்தாமல் விட்டாலும் ஓரளவு தப்பலாம். சுழிகளால் ஆன தமிழில் தப்ப வழியில்லை.

போலித் தடிப்பும் இப்படித்தான். எழுத்தின் விளிம்பைச் சுற்றி மென்பொருள் ஒரு கோட்டைப் பூசிக் கனமாக்குகிறது. பூச்சு வெளியே போகும் அளவுக்கு உள்ளேயும் போகும். உள்ளே இருப்பவை சுழிகள்.

'மலிவு விற்பனை': ஒரு பதாகையை அருகில் நின்று பார்த்தால்

30 சென்டிமீட்டர் உயர எழுத்தில் இந்த இரண்டு சொற்களும் அச்சிடப்பட்டு, 12 பாகை போலிச் சாய்வும் போலித் தடிப்பும் கொடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சிக்கும் அடிக்கும் இடையில் நகர்வு 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

முதல் எழுத்தான மகரத்தில் சுழி இல்லை என்பதால் தாங்கிக்கொள்கிறது. அடுத்த 'லி'யில் லகரத்தின் இடச்சுழி தடிப்பினால் பாதி மூடுகிறது. அதன் தலையில் உள்ள இகர விசிறி, உயரத்தில் இருப்பதால், எல்லாவற்றையும்விட அதிகம் நகர்ந்து அடுத்த எழுத்தான 'வு'வின் எல்லைக்குள் நுழையப் பார்க்கிறது. 'வு'வின் உகரக் கோடு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால் எதிர்த் திசையில், இடப்பக்கம் தள்ளப்படுகிறது. ஒரே சொல்லின் மேற்பகுதி வலமும் கீழ்ப்பகுதி இடமும் போக, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி சீர்குலைகிறது. பெரிய எழுத்துகளில் மட்டும் எழுதிய ஆங்கிலச் சொல்லுக்கு இந்தச் சிக்கல் ஏறத்தாழ இல்லை. அது மேலும் கீழும் நேராக வெட்டிய சுவர் போன்றது.

இரண்டாவது சொல்லில் 'ற்' வருகிறது. புள்ளி வலப்பக்கம் நகர்ந்து, றகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் உட்காருகிறது. தமிழறிந்தவர் ஊகித்துக்கொள்வார். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்பது ஒரு கணம் தடுமாறும். கடைசி 'னை'யில் ஐகாரக் குறியின் இரட்டைச் சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நான்கு சிறு வெற்றிடங்களும் அடைபட்டால் எஞ்சுவது கறுப்புக் கட்டிதான். (பழைய அச்சில் இந்த 'னை' யானைத் தும்பிக்கை போன்ற கொக்கியோடு ஒரே எழுத்தாக வரும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமே இன்றைய பிரித்தெழுதும் வடிவத்தைப் பரவலாக்கியது. தடித்த எழுத்தைப் பொறுத்தவரை அந்தத் தும்பிக்கை வடிவம் இடத்தைச் சிக்கனப்படுத்தியது என்பதையும் மறுக்க முடியாது.)

சுழிகளின் எண்ணிக்கை தமிழில் அலங்காரமாக வருவதில்லை. அது எழுத்தின் அடையாளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்றுதான் இவற்றைப் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். சுழியை எண்ண முடியாத அளவுக்குத் தடித்த எழுத்தில் மணமும் மனமும் ஒன்றாகிவிடும். ரகரத்துக்கும் நெட்டெழுத்தின் காலுக்கும் இடையிலான வேறுபாடும் இப்படி மங்குகிறது. பல எழுத்துருக்களில் ரகரத்தின் அடியில் இடப்பக்கம் சரியும் சிறு கோடு ஒன்றுதான் அதைக் காலிலிருந்து பிரிக்கிறது. எழுத்து சாயும்போது நிமிர்ந்த தண்டும் அந்தத் திசைக்கே சாய்வதால் இரண்டுக்கும் இடையிலான முறிவு குறைந்து, கண்ணுக்கு எளிதில் பிடிபடாமல் போகிறது.

தமிழில் ஏன் துணைச் சாய்வு வளரவில்லை

தமிழும் சிங்களமும் இடமிருந்து வலமாகவே எழுதப்படுகின்றன. ஆகவே வலப்பக்கச் சாய்வுக்குத் திசையால் எந்தத் தடையும் இல்லை. கையெழுத்தில் சாய்த்து எழுதுவோர் எத்தனையோ பேர். தூரிகை பிடித்துப் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்கள் சாய்வான தமிழை நன்றாகவே எழுதினார்கள். புள்ளி எங்கே விழ வேண்டும், எந்தச் சுழியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை அவர்களின் கை முடிவு செய்தது. தடை வந்தது அச்சின் பக்கத்திலிருந்து.

யாழ்ப்பாணத்தில் 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்தபோதும், வண்ணார்பண்ணையில் 1849இல் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நிறுவியபோதும், கொழும்பில் 1930இல் வீரகேசரி தொடங்கியபோதும் தமிழ் அச்சு என்பது ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோப்பதாகவே இருந்தது. உயிர்மெய்களும் கூட்டு வடிவங்களும் சேர்ந்து தமிழ் எழுத்துப் பெட்டிக்கு ஆங்கிலத்தைவிடப் பலமடங்கு அறைகள் வேண்டியிருந்தன. அதற்குச் சாய்வான இன்னொரு முழுத் தொகுதியை வார்ப்பது என்றால் பெட்டியும் செலவும் இரட்டிக்கும். மேலும், ஈய எழுத்தில் சாய்ந்த முனை தன் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அழுத்தத்தில் முறியக்கூடும்.

தேவையும் குறைவாக இருந்தது. ஆங்கிலம் சாய்வெழுத்தால் செய்யும் வலியுறுத்தலைத் தமிழ் சொல்லுக்குள்ளேயே செய்துகொள்கிறது. 'அவனே வந்தான்' என்பதில் உள்ள ஏகாரம் அந்த வேலையை முடித்துவிடுகிறது. இலக்கணம் அதைத் தேற்ற ஏகாரம் என்று பெயரிட்டே அழைக்கிறது. பத்திக்குள் ஒரு சொல்லைச் சாய்க்க வேண்டிய அவசரம் தமிழ்ப் பதிப்பாளருக்கு எழவில்லை. பலகைகளும் பதாகைகளும் கணினிக்குப் போன பிறகுதான் அந்த வெற்றிடம் வெளித் தெரிந்தது.

இலவசமாகக் கிடைக்கும் தமிழ் சான்ஸ் எழுத்துருக்களைப் பார்த்தால் நிலைமை புரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய நான்கும் நல்ல எழுத்துருக்கள். எடைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றுக்கும் வரையப்பட்ட சாய்வு வடிவம் இல்லை. விண்டோஸில் வரும் லதா, நிர்மலா ஆகியவற்றுக்கும் இல்லை. இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார் தமிழில் உண்மையாகவே சாய்த்து வரையப்பட்டது. அதன் வளைவுகள் சாய்ந்தும் நிலைகுலையாமல் இருப்பது தமிழால் இது முடியும் என்பதற்குப் போதிய சான்று. ஆனால் அது பேனாக் கையெழுத்தின் குணம் கொண்டது, தடித்த காட்சி எழுத்தின் இடத்தை நிரப்புவதற்காகப் பிறந்ததல்ல.

பாமினியின் தனிச் சிக்கல்

இலங்கை அச்சகங்கள் பலவற்றில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. இவை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் முறையில் அமைந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல் கணினியின் கணக்கில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. மூன்று வரிகளையும் ஒன்றாகத் தெரிவு செய்து, ஆங்கிலத்துக்காக ஒரு தடித்த சாய்வெழுத்துருவை இட்டால், தமிழ் வரி அந்த ஆங்கில எழுத்துகளாகவே வெளிப்பட்டுவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை அச்சுக்கு அனுப்பினால் தவறு கடைவாசலில்தான் தெரியவரும். யூனிகோடில் தட்டிய தமிழுக்கு இந்த ஆபத்து இல்லை. எழுத்துரு பொருந்தாவிட்டால் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்துக்கு வரும், அல்லது வெறும் கட்டங்கள் தோன்றும். இரண்டுமே கண்ணில் படும் தவறுகள்.

மூன்று வரிப் பலகையில் செய்யக்கூடியவை

1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அரச பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை இன்று வழமை. சட்டம் மொழிக்கு இடம் தரலாம். அந்த இடத்தில் எழுத்து வாசிக்கும்படி நிற்கிறதா என்பது வடிவமைப்பவரின் மேசையில் முடிவாகிறது. இடம் பற்றாமல் தமிழ் வரியைப் பக்கவாட்டில் நசுக்குவது, அதன் உயரத்தை ஆங்கிலத்தின் பாதியாக்குவது, போலிச் சாய்வு கொடுப்பது ஆகிய மூன்றும் ஒரே பலகையில் சேர்ந்துவிடும்போது, வரி இருந்தும் தமிழ் வாசகர் ஆங்கிலத்தைத்தான் வாசிக்கிறார். இது சிறிய விடயமாகத் தோன்றலாம். தன் மொழியில் எழுதப்பட்டதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டியிருப்பவருக்கு அது சிறியதாக இராது.

1. ஆங்கிலம் சாய்ந்திருந்தால் தமிழும் சாய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிகளுக்கு இடையே ஒற்றுமையைத் தருவது முதலில் எடையும் நிறமும், அதன் பிறகே கோணம். நிமிர்ந்த தடித்த தமிழ், சாய்ந்த ஆங்கிலத்தின் பக்கத்தில் கௌரவமாக நிற்கும்.

2. தடிப்பை எழுத்துருவின் சொந்த எடைகளிலிருந்தே எடுக்க வேண்டும். ஆங்கிலம் 900 என்றால் தமிழுக்கு 700 போதுமாக இருக்கலாம். எண்கள் ஒத்துப்போவதைவிடக் கண்ணுக்கு இரு வரிகளின் கருமையும் ஒத்துப்போவதே முக்கியம்.

3. சாய்வு கட்டாயம் வேண்டுமென்றால், சொல்லை வடிவக் கோடுகளாக மாற்றி, 8 பாகைக்கு மேற்படாமல் சாய்த்து, புள்ளிகளையும் இகர ஈகார விசிறிகளையும் கையால் நகர்த்தி, சுழிகளைத் திறந்துவிட வேண்டும். 8 பாகையில் நகர்வு உயரத்தில் 14 வீதம். 30 சென்டிமீட்டர் எழுத்தில் 4 சென்டிமீட்டர் அளவு. ஒரு கடைப்பெயருக்கு இது அரை நாள் வேலை. பலகையோ பல ஆண்டுகள் தொங்கப்போகிறது.

4. இணையத் தளங்களில் போலித் தடிப்பையும் போலிச் சாய்வையும் உலாவி தானாகச் செய்யாதபடி தடுக்கும் கட்டளை சீஎஸ்எஸ் மொழியிலேயே உண்டு. தமிழ்ப் பகுதிக்கு அதை இட்டு, வலியுறுத்தலை எடையால் மட்டும் காட்டலாம்.

5. அகலத்தை முதலிலேயே தமிழுக்காகக் கணக்கிட வேண்டும். தமிழ்ச் சொல் பெரும்பாலும் மூன்று வரிகளில் நீளமானது. ஆங்கிலத்துக்கு அளந்த சட்டத்துக்குள் அதைத் திணித்தால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் மட்டும் தடிப்பாக எஞ்சும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். தெரிவு செய்த எழுத்துருவில், தெரிவு செய்த எடையிலும் சாய்விலும், 'அண்ணன்' என்ற சொல்லை ஓர் அங்குல உயரத்தில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பத்து அடி தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து ணகரங்களில் மும்மூன்று சுழிகளும் கடைசி னகரத்தில் இரண்டு சுழிகளும் எண்ணக் கூடியவையாக இருந்தால் பலகையை அச்சிடலாம்.